நாலு விரல் வாட்டம்

நோங்காம் கிராமம்
ஏப்ரல் 22, புத்த ஆண்டு 2531

தங்கை தோங்பைக்கு அக்கா கம்பூன் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் மிச்சமிருக்கிற பற்களோடு சுகம். அங்கே நீயும், மகள் சன்பென்னும், மருமகனும், பேத்தியும் பாங்காக் புகையில் இருமாமல் இருக்க வேண்டும் என்று கோயிலில் பூ வைத்தேன்.

முதலில் நல்ல சேதிகள். மூத்த பேரன் சுவித் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு எடுத்த படம் வந்திருக்கிறது. ஊரில் யார் கேட்டாலும் காட்டுகிறேன், கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன். நர்ஸ் பயிற்சியில் இருக்கும் பேத்தி பிரயூனுக்கு, அடுத்தவருக்கு ஊசி போடும்போது கை நடுங்குவதே இல்லை என்று பெரிய டாக்டரே சொன்னாராம். நெல் நாற்று நட்ட கைகளின் பரம்பரை, எப்படி நடுங்கும்? சின்னவள் லம்துவன் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதல். வெறுங்காலோடு ஓடி, செருப்புப் போட்டவர்களை எல்லாம் முந்தினாள். பாங்காக் பக்கம் போகாமலே என் வீட்டுப் பிள்ளைகள் இப்படி.

இன்னொரு சேதி. பெரிய சேதி இல்லை. ஊரார் வாயால் வருமுன் என் கையால் வரட்டும் என்று எழுதுகிறேன். உன் வீட்டுக் கூரை இறவாணமும் என் வீட்டுக் கூரை இறவாணமும் நெற்றி முட்டும் இடத்தில், மழைத் தண்ணீரைச் சாலுக்குக் கொண்டுபோக அப்பா கட்டிய தகரப் பீலி துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. போன மழையில் அதன் கீழே நின்று குளிக்கலாம் போல இருந்தது. உன் அத்தான் புதுத் தகரம் வாங்கி மடித்துப் புதுப் பீலி கட்டிவிட்டார். இரண்டு கூரைத் தண்ணீரும் அதில்தானே விழுகிறது. தண்ணீர் ஓடுகிற வாட்டத்தை மட்டும் இந்த முறை பின்பக்கமாகக் கொடுத்துவிட்டோம், மழைத் தண்ணீர் சேர்க்கும் என் சிமெண்ட் சால் அங்கே இருப்பதால். கட்டுகிறவருக்கு அதுதான் தோது.

சன்பென்னின் மாடி வீடு, மாடி வீடு என்று எழுதுகிறாய். நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. என்னிடம் இருக்கும் படத்தில் உன் கொண்டை இன்னும் கறுப்பு.

அக்கா கம்பூன்


பாங்காக்
மே 9

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மூட்டுவலியும் அத்தானின் இடுப்புவலியும் தேவலையாகியிருக்கும். ஏணி ஏறிப் பீலி கட்டுகிற அளவுக்குத் தேவலை என்று தெரிகிறது.

பேரப் பிள்ளைகளின் பெருமை எல்லாம் படித்தேன். இங்கே என் பேத்தி ஆங்கிலத்தில் நூறு வரை எண்ணுகிறாள். அவள் அறையில் குளிர்ப் பெட்டி ஓடுகிறது. மாடியில் எனக்கென்று தனி அறை, சன்னலைத் திறந்தால் காற்று. வேலைக்காரி இருக்கிறாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பீலி. கட்டுகிறவருக்கு எது தோது என்று பார்த்தா அப்பா கட்டினார்? முன்வாசலைப் பார்த்து வாட்டம் கொடுத்தார். முனைக்கு முனை நாலு விரல். மூன்று விரல் என்றால் இலை தேங்கும், ஐந்து விரல் என்றால் தண்ணீர் ஓடி வந்த வேகத்தில் சாலின் வாயைத் தாண்டிக் கொட்டும் என்பார். அந்த நாலு விரலால்தான் வாசலில் இருக்கும் அம்மாவின் மண் சால் வருஷா வருஷம் நிறைந்தது. வழியில் போகிறவன் கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்து, வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவான். வாசல் சால் வறண்ட வீட்டை நம் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆளற்ற வீடு என்பார்கள்.

எனக்கு ஆளற்ற வீடு கிடையாது. தாய்வீடு கடைசி மகளுக்கு என்பது நான் வைத்த வழக்கமும் இல்லை. மழை பிடிப்பதற்குள் வாட்டத்தைப் பழையபடி மாற்றச் சொல்லுங்கள்.

படம் எடுக்க மருமகனுக்கு நேரமில்லை.

தங்கை தோங்பை


நோங்காம்
மே 24

மாடி அறையில் காற்று வாங்கும் தங்கைக்கு,

சுகமா என்று கேட்பது மரபு, அதனால் கேட்கிறேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. மழை கேட்டு வானத்துக்கு வாணம் விடும் விழா முடிந்தது. நம் ஊர் வாணம்தான் அதிக உயரம் போனது. அதன் திரியை முறுக்கியவன் என் பேரன் சுவித். மறுநாளே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையில் பீலியின் முனையைச் சாலுக்குத் திருப்பினேன். ஒரே ராத்திரியில் என் சிமெண்ட் சால் நிரம்பிவிட்டது.

வாட்டத்தை மாற்று என்கிறாயே, யார் குடிக்க? பல்லியா? அம்மா போய், உன் புருஷனும் போய், நீ கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி இரண்டு மழை ஆகிவிட்டது. தாய்வீடு கடைசி மகளுக்கு என்றால், கடைசி மகள் தாய்வீட்டுக்கு இல்லையா? வாசலில் முளைக்கிற புல்லைப் பிடுங்குவது யார்? உன் கூரையில் ஏறும் பீர்க்கங்கொடியை அறுப்பது யார்? அந்த வழக்கத்தையும் எழுதியிருக்கலாம்.

அம்மாவின் சாலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நிமிர்த்தி வைத்தால் தவளை குடிவருகிறது. வழிப்போக்கர்கள் என் வாசலில் நான் வைக்கும் குடத்தில் மொண்டு குடிக்கிறார்கள். என் வீட்டைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

என் வீட்டின் மறுபக்க இறவாணத்துக்குப் பீலி கட்டிக்கொள் என்று சொல்வாய். அங்கே புளியமரம். அதன் இலையும் காக்கை எச்சமும் கலந்த தண்ணீரை நான் குடிக்க வேண்டும், பூட்டிய வீட்டுக்குத் தெளிந்த தண்ணீர் போக வேண்டும்! மரத்தையும் வெட்ட மாட்டேன், அது நான் வைத்தது.

மருமகனுக்கு நேரமில்லை என்றால் ஸ்டூடியோக்காரனைக் கூப்பிடு. மாடி வீட்டில் அதற்கா பஞ்சம்?

அக்கா


பாங்காக்
ஜூன் 12

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

ஊர்த்தலைவருக்கு நான் தனியாக எழுதிவிட்டேன். பீலியைத் தாங்கும் கொக்கிகளில் பாதி என் வீட்டுக் கூரை வாரையில் மாட்டியிருக்கிறது. என் கூரையில் விழும் தண்ணீர் என் தண்ணீர். ஒருத்தி வாரையில் கொக்கி மாட்டி, அவள் தண்ணீரையே திருப்பிக்கொள்வதற்கு என்ன பெயர் என்று தலைவர் சொல்லட்டும். நான் சொன்னால் நீங்கள் பெரியவர், தாங்க மாட்டீர்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவின் சால் நிமிர்ந்து நிறைந்திருக்க வேண்டும். கிணற்றில் உப்பு. சால் நிறையாத வீட்டில் ஒரு மனுஷி கோடை முழுக்க எதைக் குடித்து இருப்பது? யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். பொதுவாகச் சொன்னேன்.

இனிமேல் கீழே உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள். வடக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மளிகைக் கடை அது. வேலைக்காரி தபால்களைத் தொலைத்துவிடுகிறாள். நான் அந்தப் பக்கம் நடக்கப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன்.

தோங்பை


நோங்காம்
ஜூலை 3

வழக்குப் போட்ட தங்கைக்கு,

சந்தோஷம்தானே? தலைவர் வந்தார். கோயில் குழுவிலிருந்து நாலு கிழவர்களும் வந்தார்கள். அறுபத்தைந்து வயதில் என் வாசலில் பஞ்சாயத்து. எதிர்வீட்டுக்காரி பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தாள்.

தலைவர் குமிழி ஓடும் ரசமட்டம் ஒன்று கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடம் கட்டியபோது மிச்சமானதாம். பீலியை மேலும் கீழும் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் மனசு நோவக் கூடாது. பாதித் தண்ணி முன்னால, பாதித் தண்ணி பின்னால. பீலிய மட்டமா கட்டிருங்க.”

உன் அத்தான் ஏணியில் நின்றபடி, “மட்டமா கட்டுனா தண்ணி எந்தப் பக்கம் போவும், தலைவரே?” என்றார்.

“ரெண்டு பக்கமும் போவும்யா. நியாயம்னா அதான்.”

“நியாயமெல்லாம் தண்ணிக்குத் தெரியுமா?”

“நீ பேசாம கொக்கிய மாட்டு. அக்கா தங்கச்சி வழக்குல ஏணி மேல நிக்கறவனுக்கு என்ன பேச்சு?”

கொக்கிகளை ஏற்றி இறக்கி, குமிழி நட்டநடுவில் வந்து நின்றதும் கிழவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் தலைவரின் காதில், “புத்தர் இருந்தாக்கூட இப்படித்தான் பிரிச்சிருப்பாரு” என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

போகும்போது தலைவர், “கம்பூனம்மா, தீர்ப்ப யாரும் தொடக் கூடாது” என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். நான் தொட மாட்டேன். நீ கேட்டு வாங்கிய தீர்ப்பு. அம்மாவின் சாலையும் நிமிர்த்தி வைத்தாகிவிட்டது, போதுமா?

பிரயூன் பயிற்சியில் இரண்டாம் வருஷம் ஏறிவிட்டாள். மாடி வீட்டுக்காரிக்கு எதற்கு மளிகைக் கடை விலாசம்? உன் கடிதத்தில் புளித்த மீன் வாசம் அடிக்கிறது. வேலைக்காரி இருந்தும் நீயா சமைக்கிறாய்? படம் எங்கே?

அக்கா கம்பூன்


நோங்காம்
ஜூலை 30

தோங்பை,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜெயித்தவளுக்குப் பதில் எழுதக் கை வராதோ? இங்கே உன் அத்தான் சுகம். நானும் சுகம். லம்துவன் சுகமில்லாமல் இருந்து இப்போதுதான் எழுந்திருக்கிறாள்.

உன் நியாயம் என்ன செய்தது என்று கேள். மழை பெய்தது. தண்ணீர் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இருந்த இடத்திலேயே குளம்போல நின்றது. அதில் காற்றில் வந்த புளிய இலை ஊறி, கொசு முட்டையிட்டு, நெளிகிற புழு வந்துவிட்டது. உன் சாலுக்கும் என் சாலுக்கும் சொட்டுச் சொட்டாக வருவது அந்த ஊறல்தான். கொசு கடித்துத்தான் லம்துவனுக்கு எலும்பு முறிக்கிற காய்ச்சல். பந்தயத்தில் ஓடிய பெண் வாசல்வரை நடக்கச் சுவரைப் பிடித்தாள். கழுத்தில் செம்புள்ளிகளைப் பார்த்தபோது எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று எழுத மாட்டேன். நீயே தெரிந்துகொள்.

பெருமழை வந்தால் பீலி நடுவில் தொய்ந்து, அங்கிருந்து அப்படியே கொட்டுகிறது. எங்கே கொட்டுகிறது தெரியுமா? உன் வீட்டைத் தரைக்கு மேலே தாங்கும் தூண்களில் முதல் தூணடியில். கரும்பும் வாழைக்கன்றும் கட்டி அப்பா முதலில் நட்ட தூண். அடியில் மண் கூழாகிவிட்டது. நேற்றுக் குச்சியைக் குத்திப் பார்த்தேன், முழங்கைவரை போயிற்று.

உன் அத்தான் ஏணியை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன். “தீர்ப்ப யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கு” என்றேன். “வீடு விழுந்துருமேடி” என்றார். “விழட்டும், மட்டமா விழும்” என்றேன்.

அக்கா


பாங்காக்
ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் விருந்தாளிகள்.

லம்துவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? இளநீர் கொடுங்கள். ஓடவிடாதீர்கள்.

தூண் எவ்வளவு இறங்கியிருக்கிறது? விரலால் அளந்து எழுதுங்கள். சுவர்ப் பலகை பிரிந்திருக்கிறதா? வாசல் ஏணிப்படி இன்னும் தரையில் நிற்கிறதா, தொங்குகிறதா?

பீலியை உங்கள் பக்கமே சாய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவருக்கு வழக்கு வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன். வீடு மட்டும் நிற்கட்டும். ஒரு மூலை ஒழுகினாலும் பரவாயில்லை, நிற்கட்டும்.

காகிதம் கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். மிளகாய்க் கறை பட்டுவிட்டது.

படம் பிறகு.

தோங்பை


நோங்காம்
செப்டம்பர் 8

தங்கைக்கு,

நாங்கள் சுகம். லம்துவன் எழுந்து ஓடி, விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். ஆக, பழையபடி ஆகிவிட்டாள்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பேத்தி எந்த மொழியில் எதை எண்ணுகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. குளிர்ப் பெட்டி ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

தூண் ஒரு சாண் இறங்கிவிட்டது. உன் வீட்டு இறவாணம் என் வீட்டு இறவாணத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சின்ன வயதில் சந்தையிலிருந்து மாட்டு வண்டியில் திரும்பும்போது நீ என் தோளில் தலையைச் சாய்த்து, எச்சில் ஒழுகத் தூங்குவாயே, அந்த மாதிரி. என் ஓடுகள் இரண்டு உடைந்தன.

தண்ணீர் முழுவதையும் எடுத்துக்கொள் என்கிறாய். எனக்குத் தானம் கொடுக்க நீ யார்? சண்டை போட்டு வாங்குவேன், இல்லாவிட்டால் வாங்காமல் இருப்பேன். பிச்சை வாங்க மாட்டேன். ஜூன் மாதம் வாரைக்கும் கொக்கிக்கும் கணக்குச் சொன்னவள் ஆகஸ்டில் இப்படி எழுதினால் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. தலைவரின் மைத்துனன் கமோல் வந்திருந்தான், பாங்காக் பஸ் ஓட்டுகிறவன். கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“பெரியம்மா, வடக்கு பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல ஒரு தள்ளுவண்டி. பப்பாளிக்காயும் மிளகாயும் உரல்ல இடிச்சுத் தர்றாங்க. வாயில வச்சா அப்படியே நம்மூரு கை. நிமிந்து பாத்தா தோங்பை சின்னம்மா மாதிரியே இருக்கு. கூப்பிட்டேன், தலைய குனிஞ்சுக்கிட்டாங்க.”

“உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடா?” என்றேன். “எந் தங்கச்சி மாடி வீட்டுல மக கூட இருக்கா. வேலைக்காரி வச்சிருக்கா. பஸ் ஓட்டறவனுக்குக் கண்ணு சரியில்லன்னா கவர்மெண்டுல சொல்லிருவேன், ஜாக்கிரத.”

பயந்துவிட்டான். இனி யாரிடமும் சொல்ல மாட்டான்.

அவன் பார்த்தது வேறு யாரோதான். இல்லையா?

அக்கா


பாங்காக்
செப்டம்பர் 29

அக்காவுக்கு,

கமோல் பார்த்தது என்னை அல்ல. பாங்காக்கில் பப்பாளிக்காய் இடிக்கிற நம் பக்கத்துப் பெண்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கைதான், ஒரே முகம்தான். உங்களுக்கு எப்போதும் என்னைப் பற்றி ஒன்று கிடைத்தால் போதும், பல்லில் மாட்டிய நார்போல நாக்கால் நெருடிக்கொண்டே இருப்பீர்கள்.

சன்பென் என்னை நன்றாகத்தான் வைத்திருந்தாள். வைத்திருக்கிறாள். அவள் புருஷன் வீட்டு மனிதர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், இடம் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். அதை ஊரில் ஊதிப் பெரிதாக்க வேண்டாம்.

வீடு விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள்மேல் சாய்ந்தால் தள்ளிவிடவும் வேண்டாம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வீட்டுக்குக் கீழே அம்மாவின் பெரிய மர உரல் இருந்ததே, அது இருக்கிறதா, உங்கள் வீட்டுக்குப் போய்விட்டதா? போயிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். எனக்கு அது வேண்டியிருக்கும்.

நலமாக இருங்கள்.

தோங்பை


நோங்காம்
அக்டோபர் 26

தங்கை தோங்பைக்கு அக்கா கம்பூன் எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். சுவித் தன் வகுப்புக்குத் தலைவனாகிவிட்டான். பிரயூன் ஒரு பிரசவத்துக்குக் கூட நின்றாளாம், ஆண் குழந்தை, இவள்தான் குளிப்பாட்டினாள். லம்துவன் மறுபடியும் முதலில் ஓடி வந்தாள். உன் பேத்தியைப் பற்றி நீ எழுதுவதையே நிறுத்திவிட்டாய். துறவிகளுக்கு ஆடை சாத்தும் விழாவில் எல்லோரும் அவரவர் பிள்ளைகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டார்கள். நம் வீட்டுக் கணக்கில் ஒரு பிள்ளை குறைவதா? அதனால், அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மாணவி, ஆங்கிலத்தில் ஆயிரம் வரை எண்ணுகிறாள் என்று நானே சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லி என் மானத்தை வாங்காதே.

வீடு நிமிர்ந்துவிட்டது. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அது விழுந்தால் என் வீட்டின் மேல்தான் விழும், என் ஓடுதான் உடையும். பக்கத்துத் தெரு ஆண்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, கோழி அடித்து, ஒட்டரிசிச் சோறு அவித்துப் போட்டேன். நெம்புகோல் வைத்துத் தூக்கி, தூணடியில் கல் அடுக்கி, மண் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். உன் அத்தான், “ஏலேலோ, கொழுந்தியா வீடே எந்திரி” என்று பாடிக்கொண்டிருந்தார். வேலை ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் பீலி. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்றுதான் என்று நீ நினைக்கலாம். இல்லை. பின்பக்கம் நிலம் மேடு. என் சால் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் திரும்பி வந்து அதே தூணடியில்தான் நிற்கும். முன்பக்கம் சரிவு, வழிந்தாலும் தெருவோடு போய்விடும். அப்பா அதைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார், கடைசி மகள் என்று செல்லம் கொடுத்து அல்ல. இத்தனை வருஷமும் செல்லம் என்றுதான் நினைத்திருந்தேன். அதனால் முன்பக்கமே வாட்டம் கொடுத்தாயிற்று.

நாலு விரல் என்று உன் அத்தான் அவர் விரலை வைத்தார். அப்பாவின் விரல் மூங்கில் கணு மாதிரி இருக்கும், இவருடையது கீரைத்தண்டு. நான் ஏணியில் ஏறி, என் கையால் ஐந்து விரல் வைத்தேன். அப்பாவுக்கு நாலு, எனக்கு ஐந்து. பின்முனையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அதில் ஒரு பிடி உமியைப் போட்டேன். எங்கும் நிற்காமல், எங்கும் முட்டாமல், எறும்பு ஊர்வலம்போல வரிசையாகப் போய் அம்மாவின் சாலின் நடுவாயில் விழுந்தது.

தலைவர் ஓடி வந்தார். “தீர்ப்பு என்னாச்சு, கம்பூனம்மா?”

“உங்க தீர்ப்புல கொசு முட்ட போட்ருச்சு தலைவரே. இனிமே தண்ணி போற பக்கம்தான் தீர்ப்பு.”

“அப்ப உங்களுக்குத் தண்ணி?”

“நீங்க போய் ரசமட்டத்தக் கழுவி வைங்க. பாசி புடிச்சிருக்கு.”

எனக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று நீயும் கேட்பாய். மறுபக்க இறவாணத்துக்குத் தனிப் பீலி கட்டிவிட்டேன். புளியமரத்தின் கூரைமேல் வந்த பெரிய கிளையை வெட்டிவிட்டேன். மரம் என்னுடையது. நான் வைப்பேன், வெட்டுவேன், உனக்கு ஒன்றும் இல்லை.

அம்மாவின் சாலைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். கடைசி மழைகள் நன்றாகவே பெய்தன. கழுத்துவரை நிறைந்து நிற்கிறது. புதுக் கொட்டாங்கச்சி மாட்டியிருக்கிறேன். நேற்று ஒரு மாட்டு வியாபாரி குடித்துவிட்டு உன் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டான். “யாரு வூடு?” என்று கேட்டான். “ஆளு இருக்கற வூடு” என்றேன். அதற்குமேல் அவனுக்கு எதற்கு?

நினைவு வைத்துக்கொள். சாலில் நின்ற தண்ணீர் மொள்ள மொள்ளத்தான் இனிக்கும். மொள்ளாமல் விட்டால் தை மாதக் குளிர் போவதற்குள் பாசி வாடை பிடித்துவிடும். நான் மொள்ள மாட்டேன். அது என் தண்ணீர் இல்லை என்று நீயே தலைவருக்கு எழுதியிருக்கிறாய்.

உரல் உன் வீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. நான் ஏன் எடுக்கப் போகிறேன், என்னிடம் கல் உரல் இருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் பப்பாளிக்காய் இடிக்க இப்போது ஆள் இல்லை. பழைய ஆள் மகனோடு போய்விட்டாள். சும்மா ஊர்ச் சேதி எழுதினேன்.

வீட்டுக்குள் நான் போகவில்லை. தூக்கியபோது உள்ளே ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. கரையான் இருக்கிறதா, பலகை பிரிந்திருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதற்குச் சாவி வேண்டும். சாவியைத் தபாலில் அனுப்பாதே, தொலைந்துவிடும். கமோலிடமும் கொடுத்துவிடாதே, அவனுக்குக் கண் சரியில்லை.

சாவி வருவதற்குள் ஒரு புதுப் படம் அனுப்பு. பஸ் கட்டணத்துக்கு இருப்பதை ஸ்டூடியோக்காரனுக்குக் கொட்டாதே, பஸ் நிலையத்தில் நிமிஷத்தில் எடுத்துத் தருவார்களே, அது போதும். பின்னால் மாடி வீடு வேண்டாம். உன் முகம் மட்டும் தெரியட்டும். எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே.

அக்கா கம்பூன்